ரிக் ஆலன்: இடது கை செய்த வேலையை இடது காலுக்குக் கொடுத்தவர்

தாளப்பித்தன்

ராக் டிரம்மர்கள் பற்றிப் பேச்சு எடுத்தால் ஜான் பானம், கீத் மூன், இயன் பெய்ஸ் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறோம். டெஃப் லெப்பர்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ரிக் ஆலன் பெயரை யாராவது எடுத்தால், "ஒற்றைக் கை டிரம்மர்தானே, பெரிய மனோதிடம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறார்கள். மனோதிடம் சரி. அந்த மனிதர் வாசிப்பது என்ன, எந்த அடி எந்த உறுப்பிலிருந்து வருகிறது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தெரியாதவர்களுக்காக அவர் கதை. ஆலன் 1963 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் டெர்பிஷயரின் ட்ரான்ஃபீல்டில் பிறந்தார். உருக்குக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. சிறு வயதிலேயே உள்ளூர்க் குழுக்களில் வாசிக்கத் தொடங்கிவிட்டார். 1978இல் டெஃப் லெப்பர்டுக்கு நிரந்தர டிரம்மர் இல்லை. முதல் இசைத்தட்டையே ஃப்ராங்க் நூன் என்பவரை வைத்துத்தான் பதிவு செய்திருந்தார்கள். குழுவுக்கு டிரம்மர் தேவை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து மகனுக்காகப் பதில் போட்டவர் ஆலனின் அம்மா. சேரும்போது அவருக்கு 15 வயது. படிப்பு அதோடு நின்றது. 16வது பிறந்தநாளில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் ஏசி/டிசி கச்சேரிக்கு முன்னோடிக் குழுவாக மேடையில் இருந்தார்.

அப்புறம் எல்லாம் வேகம்தான். 1980இல் முதல் ஆல்பம், 1981இல் இரண்டாவது, 1983 ஜனவரியில் பைரோமேனியா. அமெரிக்காவில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது. முதலிடத்தில் மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் உட்கார்ந்திருந்தபோது வேறு யார் மேலே போக முடியும்? அமெரிக்காவில் மட்டும் பிற்பாடு ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டுக்கு மேற்கே மலைப்பாங்கான ஏ57 சாலை. ஆலன் ஓட்டிய கொர்வெட் கார் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கல்சுவரைத் தாண்டிப் போனது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார். இடது கை காருக்குள்ளேயே துண்டாகிவிட்டது. உடன் வந்த தோழி பிழைத்தார். மருத்துவர்கள் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் தொற்று ஏற்பட்டதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு 21 வயது.

மருத்துவமனையில் உடம்பு கீழே சரியாமல் இருக்கப் படுக்கையின் கால்மாட்டில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்திருந்தார்கள். பாட்டுக் கேட்டபடி அதன்மேல் காலால் தட்டிக்கொண்டிருந்தவருக்கு, கையில் வாசித்ததைக் காலில் கொண்டுவரலாம் என்று பிடிபட்டது. இந்த இழையில் நான் பேச விரும்புவது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

நாலாம் கட்டை

நல்ல இழை. எனக்கு ராக் பழக்கம் குறைவு, ஒரு அடிப்படைக் கேள்வி. டிரம்ஸ் வாசிப்பவர் ஏற்கெனவே இரண்டு கால்களையும் பயன்படுத்துகிறாரே. அப்படியென்றால் இடது கால் செய்துகொண்டிருந்த வேலையை யார் பார்ப்பது?

பழைய கேசட்

இழை தொடங்கியவரின் ஈடுபாட்டை மதிக்கிறேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 1987இல் வந்த ஹிஸ்டீரியாவை வைத்து ஆலனை டிரம்மராக எடைபோட முடியாது. அந்த ஆல்பத்தின் டிரம் ஒலிகள் ஃபேர்லைட் என்ற கணினியிலிருந்து வந்தவை. தயாரிப்பாளர் மட் லாங் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகச் செதுக்கி வைத்தார். அங்கே கேட்பது லாங்கின் காது.

எனக்கு ஆலன் என்றால் 1981இல் வந்த ஹை அண்ட் ட்ரை. இரண்டு கைகளோடு, ஒரு பதின்ம வயதுப் பையன், குச்சி உடையும் அளவுக்கு வாசித்தது. அதில் ஒரு அவசரம் இருக்கும். கிதார்களுக்கு முன்னால் ஓடி நின்று "வா, வா" என்று கூப்பிடும் அடி அது. விபத்துக்குப் பிறகு அந்த டிரம்மர் திரும்ப வரவில்லை. வந்தவர் வேறொருவர். இதைச் சொன்னால் இரக்கமில்லாதவன் என்கிறார்கள். ஒரு கலைஞனின் வாசிப்பைப் பற்றி நேராகப் பேசுவதும் அவருக்குத் தரும் மரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேடை ஒலி

மேடையில் ஒலி அமைப்பது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து இருவருக்கும் பதில் சொல்கிறேன்.

நாலாம் கட்டை, சாதாரண ராக் அடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு எண்ணிக்கை. வலது கை ஹை-ஹாட்டில் எட்டு அடி. வலது கால் பாஸ் டிரம்மில் ஒன்று, மூன்று. இடது கை, சடசடக்கும் ஸ்நேர் டிரம்மில் இரண்டு, நான்கு. இடது கால் ஹை-ஹாட்டின் இரண்டு தட்டுகளையும் அழுத்தி மூடி வைத்திருக்கும், வேண்டும்போது திறக்கும். ராக் பாட்டுக்கு நாம் தலையாட்டுவது அந்த இரண்டுக்கும் நான்குக்கும்தான். ஆலன் இழந்தது அந்தக் கையை.

ஷெஃபீல்டு நண்பர் ஒருவரின் உதவியோடு முதலில் பெடல்களைச் செய்து பார்த்தார். பிறகு சிம்மன்ஸ் கம்பெனி அவருக்கென்றே ஒரு மின்னணு டிரம்ஸ் செய்து கொடுத்தது. அறுகோண வடிவ பேட்கள், எண்பதுகளின் வீடியோக்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் முக்கியம் மேலே தெரியும் பேட்கள் இல்லை, கீழே இடது காலுக்கு வரிசையாக இருந்த பெடல்கள். ஒன்றை மிதித்தால் ஸ்நேர், இன்னொன்றுக்கு டாம் எனும் டிரம், மற்றொன்று ஹை-ஹாட்டை மூட. பெடலில் இருக்கும் உணரி அதிர்வை மின்துடிப்பாக மாற்றும், அந்தத் துடிப்பு கருவிப்பெட்டிக்குப் போய் ஒலியாக வரும். ஆக இடது கால் ஒரே இடத்தில் ஊன்றி நின்ற காலம் போனது. பெடலுக்குப் பெடல் தாவ வேண்டும், அதுவும் இருட்டில், கீழே பார்க்காமல்.

இப்போது பழைய கேசட்டுக்கு. ஹிஸ்டீரியாவில் டிரம் ஒலிகள் கணினியிலிருந்து வந்தன என்பது சரி. ஆனால் 1983இன் பைரோமேனியாவை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் லாங் ஃபேர்லைட்டைத்தான் நம்பினார். பாட்டின் அமைப்பைக் கடைசி வரை மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதால் டிரம்ஸைப் பிற்பாடு வைத்துக்கொள்வது அவர் முறை. சிம்பல் தகடுகளைக் கையால் வாசித்துச் சேர்ப்பார்கள். அப்போது ஆலனுக்கு இரண்டு கைகளும் இருந்தன. ஆகவே இயந்திரம் வந்ததற்குக் காரணம் விபத்து இல்லை. லாங்குக்கு வேண்டியிருந்த ஒலி அது. விபத்துக்கு முன்பே அந்தக் குழு பெரிய, இடைவெளி விட்ட, ஒவ்வோர் அடியும் தனியாக நிற்கும் ஒலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டுடியோவில் கணினி உதவும். மேடையில் ஒன்றரை மணி நேரம் அந்த அடியை யாராவது உடம்பால் வாசித்தாக வேண்டும். மின்னணு டிரம்ஸ் தானாக வாசிக்காது. அந்தக் காலத்து உணரிகளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு பேட்டை அடித்தால் பக்கத்துப் பேட்டும் சேர்ந்து ஒலிக்கும், ஒரு மிதிக்கு இரண்டு அடி கேட்கும். இரண்டு கை டிரம்மர்களே அதில் திணறினார்கள்.

மறுவாழ்வு

வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். இசை பற்றிப் பேசத் தெரியாது, உடம்பு பற்றிச் சொல்கிறேன்.

துண்டான கையைத் திரும்பப் பொருத்துவது என்றதும் பலர் விரலைப் பொருத்துவதோடு சேர்த்து நினைக்கிறார்கள். விரலில் தசை கிடையாது. மேற்கை அப்படியில்லை, தசை நிறைய இருக்கிறது. இரத்த ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். மறுபடி இரத்தம் பாய்ச்சினால் செத்த தசையிலிருந்து நச்சுப் பொருட்கள் உடம்பெங்கும் போகும், தொற்றும் எளிதில் பிடிக்கும். அப்படியான நேரத்தில் கையை எடுப்பது உயிரைக் காக்கும் முடிவு. பொருத்தியும் எடுத்துவிட்டார்களே என்று யாரும் மருத்துவர்களைக் குறைசொல்லக் கூடாது.

அடுத்தது சமநிலை. ஒரு முழுக் கை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். தோளோடு ஒரு பக்கம் போய்விட்டால் முதுகுத்தண்டும் இடுப்பும் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். நிற்கவும் நடக்கவுமே பயிற்சி தேவை. தாளப்பித்தன் சார் சொன்ன ஸ்பாஞ்சுத் துண்டு விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அவர் செய்தது எந்தச் சிகிச்சையாளரும் சொல்லிக்கொடுக்காத நல்ல சிகிச்சை. கையின் அசைவுத் திட்டம் மூளையில் அப்படியே இருக்கிறது. பழகிய பாட்டு ஓடும்போது அது எழும்பும். அதை வெளிப்படுத்த வேறொரு உறுப்பை உடனே கொடுத்துவிட்டார். வாரக்கணக்கில் அழுது தீர்த்துவிட்டு அப்புறம் தொடங்கியிருந்தாலும் வந்திருக்கலாம், ஆனால் இன்னும் நீண்ட பாதையாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் அவர் சில வாரங்களில் வீடு திரும்பினார்.

பேட் வாசிப்பவன்

மெல்லிசைக் குழுவில் பேட் வாசிக்கிறேன், வீட்டில் மின்னணு டிரம்ஸ் இருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு இடது பெடலுக்கு ஸ்நேர் ஒலியை வைத்து, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மெதுவான அடி வந்துவிடுகிறது. ஆனால் வேகம் கொஞ்சம் கூடினால் இடது கால் வலது கையோடு ஒட்டிக்கொள்கிறது, எட்டு அடியையும் சேர்த்து மிதிக்கப் பார்க்கிறது. கை மணிக்கட்டில் முடியும் வேலையைக் கால் தொடையிலிருந்து தூக்க வேண்டியிருப்பதால் அடி விழும் நேரம் மாறுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஊன்றிக்கொள்ள இடமில்லை. சாதாரணமாக வாசிக்கும்போது இடது குதிகால் தரையில் இருக்கும், நம்மை அறியாமல் அதன்மேல் சாய்ந்திருப்போம். இரண்டு காலும் வேலை செய்யும்போது ஸ்டூலில் வெறும் இடுப்பால் உட்கார்ந்திருக்கிறோம். மறுவாழ்வு மேடம் சொன்ன சமநிலை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதெல்லாம் போகும் என்றும் தெரிந்தது. ஸ்நேரில் இரண்டு கையாலும் உருட்டும் ரோல் கிடையாது. பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்நேரை மெல்ல உரசிப்போகும் சின்ன அடிகள் கிடையாது, கால் அவ்வளவு மென்மையாக விழாது. ஃபில், அதாவது அடிகளின் இடைவெளியை நிரப்பும் உருட்டல், வாசிக்க வலது கை டாம்களுக்குப் போனால் ஹை-ஹாட் நின்றுவிடும். ஆனால் கையும் காலும் மாறி மாறி, கை, கால், கை, கால் என்று டாம்களைச் சுற்றி வரலாம். அந்த ஃபில்லுக்கு ஒரு தனி எடை வருகிறது. கால் அடி எப்போதும் முழு பலத்தோடு விழுவதால், இரண்டு கையால் வாசிக்கும் ஃபில்லில் கிடைக்காத ஒரு கனம். டெஃப் லெப்பர்ட் கச்சேரிப் பதிவுகளில் நான் கேட்டது அந்தக் கனத்தைத்தான் என்று இப்போது புரிகிறது.

தாளப்பித்தன்

பேட் வாசிப்பவன், நான் சொல்ல நினைத்ததை நீங்கள் வாசித்தே காட்டிவிட்டீர்கள். மிக்க நன்றி.

இதோடு சேர்த்துக் குழுவைப் பற்றியும் பேச வேண்டும். 1984 கடைசியில் அவர்கள் நெதர்லாந்தின் ஹில்வர்சமில் அடுத்த ஆல்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். லாங் ஓய்வு வேண்டும் என்று விலகியிருந்தார். அவருக்குப் பதில் தயாரிப்பாளராக ஜிம் ஸ்டைன்மன் வந்து, ஒத்துவராமல் போனார். பணம் கரைந்துகொண்டிருந்தது. பைரோமேனியா கொடுத்த பெயர் ஆறிப்போவதற்குள் அடுத்ததைக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. அந்த நேரத்தில் புதிய டிரம்மர் ஒருவரை எடுத்திருந்தால் உலகம் ஏனென்று கேட்டிருக்காது. அவர்கள் எடுக்கவில்லை. வாசிப்பதா வேண்டாமா என்பது ரிக்கின் முடிவு என்று விட்டுவிட்டார்கள்.

1986 ஆகஸ்டில் அயர்லாந்தின் சிறிய ஊர்களில் சில கச்சேரிகள் வைத்தார்கள். முன்னெச்சரிக்கையாக ஸ்டேட்டஸ் குவோ குழுவின் ஜெஃப் ரிச்சும் இரண்டாவது டிரம்மராகக் கூட வாசித்தார். ஒரு இரவு ரிச் வந்து சேர நேரமாகிவிட்டது. ஆலன் தனியாகத் தொடங்கினார், குழுவும் வாசித்தது, ஒன்றும் குலையவில்லை. இனி நான் தேவையில்லை என்று சொன்னவர் ரிச்தான். தன் வேலை முடிந்தது என்று தானே விலகிய அந்த டிரம்மரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 16 அன்று காசில் டானிங்டனில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா. இப்போது ஒரே டிரம்மர். குழுவின் பாடகர் ஜோ எலியட் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியபோது எழுந்த ஆரவாரத்தில் ஆலன் அழுதுவிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று ஹிஸ்டீரியா வந்தது. அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏற அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது, 1988 ஜூலையில்தான் ஏறியது. ஏழு பாடல்கள் தனித்தனியாக வெளியாயின. உலகம் முழுக்க இரண்டு கோடிக்கு மேல் விற்றது.

பழைய கேசட், 1981இன் பையன் திரும்ப வரவில்லை என்பது உண்மை. ஆனால் 17 வயதில் வாசித்ததை 23 வயதில் அப்படியே வாசிக்கும் டிரம்மர் யார்? லாங்கோடு வேலை செய்த பிறகு, கை போகாமல் இருந்திருந்தாலும் அந்தப் பையன் மாறித்தான் இருப்பான்.

பழைய கேசட்

பைரோமேனியா வாதம் வலுவானது. இயந்திரம் விபத்தால் வரவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் அது என் பக்கத்துக்கும் உதவுகிறது. 1983லேயே லாங் ஆலனிடமிருந்து டிரம்ஸை வாங்கிவிட்டார் என்றல்லவா ஆகிறது? என் வருத்தம் ஆலன் மேல் இல்லை. நல்ல டிரம்மரை வைத்துக்கொண்டு அவரைச் சிம்பல் தட்ட மட்டும் விட்ட அந்தக் காலத்து ஸ்டுடியோ மோகத்தின் மேல்தான். இதே பத்தாண்டில் எத்தனை நல்ல டிரம்மர்கள் இப்படிக் காணாமல் போனார்கள்.

தூரத்து இடி

இங்கே இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன்.

பிளாக் சப்பாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி. பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. 17 வயதில் வேலையை விட்டு நிற்கப் போகும் கடைசி நாளில் இயந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். தொழிற்சாலை மேற்பார்வையாளர், கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார், தீயில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் அவர் என்று. அயோமி உருக்கிய பிளாஸ்டிக்கில் விரல் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார், பின்னாளில் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். அந்தக் கனத்த ஒலியிலிருந்துதான் ஹெவி மெட்டலே கிளம்பியது.

இன்னொருவர் பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். இடது கைக்கென்றே இசை எழுதித்தரும்படி பெரிய இசையமைப்பாளர்களைக் கேட்டார். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய கான்செர்டோ 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது.

விட்கன்ஸ்டைனுக்குப் புதிய இசை எழுதப்பட்டது. அயோமியின் காயம் அவர் குழுவின் ஒலியையே மாற்றியது. ஆலன் பழைய பாடல்களையும் வாசித்தாக வேண்டியிருந்தது, இரண்டு கைகளுக்கென்று அவரே 17, 18 வயதில் அமைத்த பாடல்களை, அதையே கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால். மூவரில் கடினமான வேலை இதுதான் என்பது என் கருத்து.

மேடை ஒலி

அருமையான ஒப்பீடு. ஒன்று சேர்க்கிறேன். ஆலன் முழு மின்னணுக் கருவியோடு நின்றுவிடவில்லை. 1996இல் ஸ்லாங் ஆல்பத்துக்காகக் குழு லாங் பாணியின் மினுமினுப்பைக் கழற்றிவிட்டு நேரடியாக வாசிக்க முடிவெடுத்தபோது, அவர் தோல் டிரம்களுக்குப் பாதி திரும்பினார். அதற்குப் பிறகு மேடையிலும் வலது கைக்கு அசல் டிரம்களும் சிம்பல்களும், இடது காலுக்கு மின்னணுப் பெடல்களும் என்ற கலப்புதான். பழைய கேசட் ஸ்லாங்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விற்பனை குறைவு, குழுவின் ரசிகர்களே ஒதுக்கிய ஆல்பம். ஆனால் ஆலனின் கை அதில் திரை இல்லாமல் கேட்கும்.

மறுவாழ்வு

இந்த மாதிரி ஆட்களைப் பற்றி "அவராலேயே முடிகிறது, உன்னால் ஏன் முடியாது" என்று நோயாளிகளிடம் சொல்லும் உறவினர்களை நான் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஆலனுக்கு வயது 21, கால்கள் நன்றாக இருந்தன, அவருக்கென்று கருவி செய்துகொடுக்க ஒரு கம்பெனி இருந்தது, காத்திருக்க ஒரு குழு இருந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. அவரே பிற்பாடு மனக்காயத்தோடு போராடியது பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2001இல் மனைவி லாரன் மன்றோவோடு ரேவன் டிரம் அறக்கட்டளையைத் தொடங்கி, போரிலிருந்து திரும்பிய படைவீரர்களோடு டிரம் வட்டங்கள், அதாவது எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் கூட்டங்கள், நடத்துகிறார். என் பார்வையில் அது ஹிஸ்டீரியாவைவிடப் பெரிய வேலை.

தாளப்பித்தன்

ஒப்புக்கொள்கிறேன். 2019இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டது, அறிமுகம் செய்தவர் குயீன் குழுவின் பிரையன் மே. 2023 மார்ச்சில் ஃபுளோரிடாவில் ஹோட்டலுக்கு வெளியே நின்றவரை யாரோ ஒரு இளைஞன் ஓடிவந்து தள்ளி வீழ்த்தினான், தலையில் அடி. மே மாதம் ஷெஃபீல்டு பிராமல் லேன் மைதானத்தில் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்தார். 59 வயதில்.

நாலாம் கட்டை

எல்லாவற்றையும் படித்தேன். கேள்வி கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் மகனுக்கு 13 வயது, பிறவியிலிருந்தே இடது கையில் பலம் குறைவு, குச்சியைப் பிடிக்க முடியாது. டிரம்ஸ் என்றால் உயிர். ஒரு வகுப்பில் சேர்க்கக் கேட்டபோது முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி செய்துகொடுக்கும் கருவிக்கு நாங்கள் எங்கே போவது? எங்கிருந்து தொடங்கலாம்?

பேட் வாசிப்பவன்

தனிக் கருவி செய்ய வேண்டியதில்லை. ஆலனுக்கு அன்று ஆளை வைத்துச் செய்ய வேண்டியிருந்தது இன்று கடையில் கிடைக்கிறது. சாதாரண மின்னணு டிரம்ஸ் ஒன்று, பழையது போதும். அதோடு கூடுதலாக ஒரு கிக் பேடும் (காலால் அடிக்கும் பேட்) பெடலும். மாட்யூலில் (ஒலி தரும் கருவிப்பெட்டி) எந்த இன்புட்டுக்கு எந்த ஒலி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதை வாங்கும்போது உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், கூடுதல் இன்புட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது கிக் பேடுக்கு ஸ்நேர் ஒலி. உணர்திறனைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள், கால் மெல்ல விழுந்தாலும் பிடிக்கும். ஹை-ஹாட்டை மூடிய நிலையிலேயே வைத்துவிடுங்கள், இப்போதைக்கு அது போதும்.

முதலில் கையே வேண்டாம். வலது கால் ஒன்று, இடது கால் இரண்டு, வலது மூன்று, இடது நான்கு. அது நடப்பது போல ஓடத் தொடங்கியதும் வலது கையைச் சேருங்கள், எட்டு அடியாக இல்லாமல் நாலு அடியாக. ஸ்டூலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக வைத்தால் இடுப்பு தாங்கும்.

மறுவாழ்வு

ஸ்டூல் அகலமாகவும் இருக்கட்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தொடையின் முன்பக்கம் இழுத்தால் நிறுத்திவிடச் சொல்லுங்கள். இடது கையையும் முழுக்க ஒதுக்கிவிடாதீர்கள். விரலால் ஒரு பேட்டைத் தட்ட முடிந்தால் அதற்கும் ஒரு ஒலி வைத்துக் கொடுங்கள்.

மேடை ஒலி

பார்க்க வைக்க ஒரு பதிவு: 1988 பிப்ரவரியில் டென்வரில் எடுத்த டெஃப் லெப்பர்ட் கச்சேரி. மேடை அரங்கின் நடுவில், நாலா பக்கமும் ஆட்கள், அதனால் டிரம்மர் மூலையில் ஒளிந்திருக்க மாட்டார். பையனைக் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கேசட்

நாலாம் கட்டை, எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள். என்னிடம் ஒரு கிக் பேடும் பெடலும் சும்மா கிடக்கின்றன, அனுப்பி வைக்கிறேன். ஹை அண்ட் ட்ரையையும் அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு ஆலன்களையும் அவன் கேட்கட்டும்.